கனடாவில் தெரியாத நேரலை

காலை பத்து மணிக்கு மரண வீட்டுக்குள் நுழைந்ததும், செபமாலை சுற்றிய என் நண்பனின் கைகளைத்தான் முதலில் பார்த்தேன். சவப்பெட்டியை மூட ஆட்கள் காத்து நின்றார்கள். கனடாவிலிருந்து வரமுடியாத அவனுடைய அக்கா கடைசியாக முகம் பார்க்கவேண்டும் என்று, சமூக வலைத்தளத்தில் நான் நடத்தும் தமிழ்ச் செய்திப் பக்கத்தில் நேரலையைத் தொடங்கினேன். உடனே அவர் அழைத்தார்.

“உங்கட பக்கம் இஞ்சை திறக்குதில்லை, தம்பி.”

செய்தி வெளியிடுவோருக்கு வலைத்தளங்கள் பணம் கொடுக்கவேண்டும் என்று அங்கே சட்டம் வந்ததும், அந்தச் சமூக வலைத்தள நிறுவனம் கனடாவில் செய்திகளைக் காட்டுவதையே நிறுத்திவிட்டது. எனக்கு ஒரு சதமும் வந்ததில்லை; தடை மட்டும் வந்தது. அதைச் சொன்னேன்.

“உங்களுக்குக் காசு குடுக்காமல் இருக்க என்ர கூடப்பிறந்தவனை மறைக்கிறாங்களோ?”

“ஓம் அக்கா. வையுங்கோ, வீடியோ கோல் எடுக்கிறன்.”

மூன்றாவது முறைதான் இணைப்புக் கிடைத்தது. அதற்குள் பெட்டியை மூடியிருந்தார்கள்.