பாக்கியம் குறைத்துப் போட்ட உப்பு

மீனில் போடும் உப்பு வெறும் ருசிக்குத்தான் என்று நினைப்பவர்கள் மலாய் நாட்டுக் கிள்ளானில் பாக்கியம் வேலை செய்ததைப் பார்த்ததில்லை. சுரண்டிய முள்ளுவாளை மீன் சதையில் உப்புப் போட்டு மரத்தொட்டியில் அறைந்து அறைந்து அடித்தால், சதைக்குள்ளிருக்கும் பசை கசிந்து எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். உருட்டி வெந்நீரில் போட்டால் பந்தாகத் திரண்டு நிற்கும். உப்பு குறைந்தால் எவ்வளவு அடித்தாலும் உதிரிதான்.

அது 1926. தவுக்கே என்று எல்லாரும் அழைத்த சீன முதலாளியின் மீன் உருண்டைக் கடையில்தான் அவளுக்கு வேலை; கடைக்குப் பின்னால் ஓர் அறையில் குடும்பத்தோடு குடியிருந்தாள். புருஷன் சவரிமுத்து தவுக்கேயின் மாட்டுவண்டியை ஓட்டினான். பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில், அவளுடைய அக்காள் இருந்தாள். அங்கே போனால் மகள் ரோசலினைக் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். பாக்கியத்துக்கு வேறு ஆசையே கிடையாது.

சவரிமுத்து அசைந்து கொடுக்கவில்லை. “பொட்டப்புள்ளயத் தனியா அனுப்ப மாட்டேன். நாமளா வேலைய விடவும் மாட்டேன். தவுக்கே போகச் சொன்னா போலாம்.”

சரி, போகச் சொல்ல வைக்கிறேன் என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலையில் உப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். பார்ப்பவர்களுக்காக வழக்கம்போல அடித்தாள். உருண்டைகள் கொதிநீரில் கரைந்து, அண்டா முழுக்கக் கஞ்சியாகிவிட்டது. மனத்துக்குள் அவள் சேலைகளை மடித்து வைத்தாகிவிட்டது.

தவுக்கே வந்தார். நல்ல மனுஷன், அதுதான் வினை. ஒரு துணுக்கை எடுத்து விரலால் நசுக்கினார். வெடித்துப்போன அவள் கைகளைப் பார்த்தார். அரைகுறைத் தமிழில், “அடி பத்தல லா. ஒன் கை தேஞ்சி போச்சி. நாளைக்கு மக வரட்டும், ரெண்டு பேரு அடி,” என்றார்.

“வருவா தவுக்கே,” என்றான் கூடை இறக்கிக்கொண்டிருந்த சவரிமுத்து.

பாக்கியம் குறுக்கே வந்தாள். “இல்ல, நான்தான் உப்பக் கொறச்சேன். வேணும்னே கொறச்சேன்.”

இருவரும் சிரித்தார்கள். மகளுக்கு வேலை வராமலிருக்கப் பொய் சொல்கிறாளாம்.

விடிந்ததும் ரோசலின் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு தொட்டியருகே உட்கார்ந்தாள். இன்று உதிர்ந்தால் பழி அந்தக் குழந்தை மேல் விழும். பாக்கியம் உப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் சதை இறுகத் தொடங்கியது.

“ஒட்டுதும்மா. கைய விட மாட்டேங்குது.”

“அடி,” என்றாள் பாக்கியம், முகத்தைத் திருப்பிக்கொண்டு.