டிரம்மில் தொங்கிய சிவப்பு அட்டை

பொற்கொடியைக் கோபக்காரி என்று எங்கள் ஷெட்டில் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் அவள் நகரமாட்டாள், அவ்வளவுதான்.

நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டி, வடலூர் போகும் சாலையில் இருந்தது அந்தக் காண்டிராக்ட் ஷெட். மோட்டார் பழுது பார்க்கும் இடம். நான் மோட்டாருக்குள் செப்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுபவன். பொற்கொடியும் இன்னும் நான்கு பெண்களும் கழற்றிய பாகங்களைக் கழுவுவார்கள். அவள் அம்மா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவள்தான்.

கழுவுவதற்கு டிரம்மில் ஒரு திரவம் வரும். பழைய டிரம்மிலேயே நிரப்பி அனுப்புவதால் லேபிள் இருக்காது. 2016 கோடையில் அவளுடைய இரண்டு கைகளும் வெடித்துவிட்டன. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். களிம்பு எழுதிக்கொடுத்த டாக்டர், "எந்தப் பொருள் பட்டு இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சாதாம்மா சரியா வைத்தியம் பண்ண முடியும். பேரைக் கேட்டுட்டு வாங்க" என்றார்.

கேட்கக் கிளம்பினாள். ஸ்டோர்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்து, "கிளீனிங் ஐட்டம், நம்பர் நானூத்திப் பதினேழு. ஸ்டாக் இருக்குது" என்றார். பள்ளிக்கூடத்து வேதியியல் ஆசிரியர் அவள் பாட்டிலில் பிடித்துப்போன திரவத்தை முகர்ந்துவிட்டு, ஏதோ கரைப்பான், எதுவென்று சொல்லக் கருவி வேண்டும் என்றார். வக்கீல் குமாஸ்தாவோ, கேஸ் போட்டால் அது சான்றுப் பொருள், சீல் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். எங்கள் சூப்பர்வைசர் பழனிவேலுக்கு அது வெறும் சோப்புத் தண்ணீர்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கண்ணே. என் கை மட்டும் எரிஞ்சிகினே இருக்குது" என்றாள் என்னிடம். எனக்கு வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த வாடையில் வேலை செய்தவன், ஒரு நாளும் கேட்டதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரில் கை வைக்கும் முன், யாரும் கரண்ட் போட்டுவிடாதபடி சுவிட்சில் சிவப்பு அட்டை மாட்டுவோம். மாட்டியவன் பெயர் அதில் இருக்கும். அவனைத் தவிர யாரும் அதைக் கழற்றக் கூடாது, முதலாளியே வந்தாலும். அந்தத் திங்கட்கிழமை காலையில் பொற்கொடி என்னிடம் ஓர் அட்டை கேட்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் அது டிரம்மின் குழாயில் தொங்கியது. 'இன்னதென்று தெரியாது. தொடாதே. பொற்கொடி.'

பழனிவேல் பாய்ந்து வந்து, பொற்கொடியோடு பாகங்கள் கழுவும் ஒருத்தியைப் பார்த்துக் கத்தினார். "கஸ்தூரியம்மா, அதைக் கழட்டு!"

"பேரு எழுதியிருக்குதுங்களே. நாங்க எப்பிடிங்க கழட்டறது?"

அவரே கை நீட்டினார். காயில் கட்டும் நாங்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். இன்று இதைக் கழற்றினால் நாளை சுவிட்ச் அட்டையை எவன் நம்புவான்? நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பொற்கொடியிடம் திரும்பினார்.

"உனக்கு இன்னாதான் வேணும்?"

"பேருங்க."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"இந்தக் கைய வெச்சிகினு வேற எந்த வேலைக்குங்க போவேன்? பேரச் சொல்லுங்க, நானே கழட்டறேன்."

மத்தியானம் பழனிவேல், திரவத்தை விற்றவனுக்கே போன் போட்டு, இரண்டு முறை அடித்துத் திருத்தி, நீளமான ஒரு பெயரைத் தாளில் எழுதிக்கொடுத்தார். பொற்கொடி அதை வாய்விட்டுப் படித்தாள். சொன்னபடி அட்டையைக் கழற்றி என்னிடம் தந்தாள். பிறகு மற்ற பெண்களைக் கூப்பிட்டு, "எல்லாரும் எழுதிக்குங்க" என்றாள்.

எழுதத் தெரியாத கஸ்தூரியம்மாள் என்னிடம் வந்து உள்ளங்கையை நீட்டினாள். பேனாவை வைக்க அதில் நல்ல தோலே இல்லை.