பக்கெட் நிறையும் சத்தம்

மூன்று வயது மகள் தரையில் பாட்டில் மூடிகளை நிறம் பிரித்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. சில நாளாகவே இப்படித்தான்; காது கேட்கவில்லையோ என்று பயந்து, நாளைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். குளியலறையில் பக்கெட் நிறையும் சத்தம் கேட்டது.

என் சின்ன வயதில், மண்ணூர்த் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு அம்மா முதுகைக் காட்டி நின்று கதை பேசுவாள். தண்ணீர் ஏற ஏற, தடித்த சத்தம் மெலிந்து உச்சிக்குப் போகும். திரும்பாமலே கைநீட்டிக் குழாயை மூடுவாள். ஒரு சொட்டு வழியாது.

"இன்னாக்கா, முதுவுல கண்ணு கீதா?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"காது எதுக்குடி கீது?" என்பாள் அம்மா.

சட்டென்று மகள் எழுந்து குளியலறைக்கு ஓடினாள். நான் போவதற்குள் குழாயை மூடியிருந்தாள். தண்ணீர் விளிம்பில் நின்றது.

டாக்டரிடம் போகத்தான் போகிறேன். ஆனால் முதலில் அம்மாவுக்குப் போன் போட்டேன்.