கடைசிச் சுற்றும் பக்கத்து வீட்டு நெட்டும்

என் வீட்டுக்காரர்மேல் எனக்கு எத்தனையோ முறை கோபம் வந்திருக்கிறது. ஆனால் ஜெயிக்க வேண்டிய செஸ் ஆட்டத்தை அவருடைய செல்போன் கெடுத்த அன்று வந்த கோபம் வேறு ரகம்.

ஆன்லைனில் நடந்த பெண்களுக்கான போட்டி அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சுற்று. நன்றாக ஆடினால் சென்னைக்குப் போய் நிஜப் பலகையில், நிஜ ஆளுக்கு எதிரே உட்கார்ந்து ஆடலாம். பிளவுஸ் தைத்துக்கொண்டே லேப்டாப்பில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. அப்படியிருக்க, எதிராளியின் ராணியை நான் மடக்கி வைத்திருந்த நேரத்தில் இவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அவர் போனில் ஹாட்ஸ்பாட் ஆன் ஆகியிருந்தது. லேப்டாப்புக்கு அது பழைய பழக்கம் என்பதால் நல்ல நெட்டை விட்டுவிட்டு அதில் போய் ஒட்டிக்கொண்டது. அதிலோ டேட்டா இல்லை. திரை திரும்பி வந்தபோது என் நேரம் தீர்ந்து ஆட்டம் முடிந்து, நான் தோற்றிருந்தேன்.

இனி கடைசிச் சுற்றில் ஜெயித்தால்தான் சென்னை என்று ஆகிவிட்டது. அந்த ஞாயிறு மதியம், ஆட்டத்துக்கு முன்னால், லேப்டாப்பில் சேர்ந்து கிடக்கும் பழைய நெட் பெயர்களையெல்லாம் அழித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். வீட்டில் யாரும் இல்லை. இவருடைய போன் ரிப்பேர் கடையில் இருந்ததால் என் போனை வாங்கிக்கொண்டு மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு வாடகை வண்டியில் சவாரி போயிருந்தார்.

பட்டியலைத் திறந்தேன். அடேயப்பா! இவர் தொலைத்த போன், உடைத்த போன், எக்ஸ்சேஞ்சில் கொடுத்த போன் எல்லாம் உயிரோடு உட்கார்ந்திருந்தன. எப்போதோ மலையில் தங்கிய லாட்ஜின் நெட்கூட இருந்தது. அங்கே ஒரு படம் திறப்பதற்குள் நாங்கள் அருவிக்குப் போய்க் குளித்துவிட்டே வந்தோம். அதெல்லாம் இருக்கட்டும் என்று நான் முதலில் தேடியது பக்கத்து வீட்டு அக்காவின் நெட்டைத்தான்.

அக்காவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று பல மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் சர்க்கரை வாங்க வந்தவர், நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து "வெட்டிட்டேன்! ஒழிஞ்சான்!" என்று கத்தியதைப் பார்த்துவிட்டார். திரையில் குதிரை, ராணி, ராஜா. அவருக்குத் தெரிந்தது ஆன்லைன் ரம்மி ஒன்றுதான். என் வீட்டுக்காரர் வந்ததும் அவரை வாசலிலேயே நிறுத்தி, "உங்க வூட்டுக்காரம்மா கம்ப்யூட்டர்ல சீட்டு ஆடிக்கினு இருக்குதுங்க, வூடு போயிடும், பாத்துக்குங்க" என்று சொன்னார். மறுநாள் தண்ணீர்க் குழாயடியிலும் அதே பேச்சு. நான் விடுவேனா? "உங்க வூட்டுப் பச்சத் தண்ணிகூட எனக்கு வேணாம்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்தேன்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே கேபிள்காரர்தான் நெட் போட்டார். இரண்டு நெட்டுக்கும் தன் கடைப் பெயரோடு கதவு எண்ணைச் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டுப் போனார். எண்ணைக் கவனிக்காவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எங்களுடையது வரத் தாமதமான நாட்களில் அக்காதான் வந்து தன் வீட்டு பாஸ்வேர்டை என் லேப்டாப்பில் தட்டிக்கொடுத்தார். அந்தப் பெயர் இன்னும் அங்கேயே இருந்தது. அதை அழித்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே! பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் போயிற்று. எங்கள் கதவு எண் மட்டும் மிஞ்சியது. வீடு கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

எங்கள் நெட்டை அழுத்தினேன். அருகில் அப்படி ஒன்று இல்லை என்றது. மறுபடியும் அழுத்தினேன். இல்லை.

பீரோ மேல் இருந்த நெட் பெட்டியைப் பார்த்தால் ஒரு விளக்கும் எரியவில்லை. அதன் பிளக் கழற்றப்பட்டிருந்தது. அந்த இடத்தில் கொசு மெஷின் சொருகியிருந்தது! அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு பிளக்கைச் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, பச்சை வரவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். ஜன்னலுக்கு வெளியே நான்கு முழம் தொங்கி அறுந்து கிடந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. கரும்பு வெட்டு தொடங்கிய நாட்களில் ஒரு லாரி எங்கள் தெருவில் புகுந்து, மேலே நீட்டிக்கொண்டிருந்த கரும்பில் ஒயர்களை இழுத்துக்கொண்டு போனது. நானும் நின்று வேடிக்கை பார்த்தேன். எங்கள் நெட் நிற்காததால் அறுந்தது எங்களுடையது இல்லை என்று நினைத்துவிட்டேன்.

அப்படியானால் இத்தனை நாளாக நான் ஆடியது யார் நெட்டில்?

பச்சைத் தண்ணீர் வேண்டாம் என்றவள்! ஆனால் வெட்கப்பட நேரம் இல்லை. ஆட்டம் தொடங்கும் நேரம். பத்து நிமிடத்துக்குள் போகாவிட்டால் ஆடாமலே தோல்வி. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அக்கா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"அக்கா, உங்க நெட்டு பாஸ்வேர்டு வேணும். இப்பவே வேணும்."

அவர் ஆச்சரியப்படவே இல்லை. "இத்தினி நாளா ஓடிக்கினுதான இருந்துது? இன்னிக்கி இன்னா ஆச்சு?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"பொங்கலுக்கு வந்தப்ப எம் மவன் பாத்துட்டான். பக்கத்து வூட்டு லேப்டாப்பு நம்ம நெட்ல ஓடிக்கினு இருக்குது, நிறுத்தட்டுமான்னான். அதுல குதிர, ராணி வச்சி ஆடுதே, அது இன்னா ஆட்டம்டான்னேன். செஸ்ஸும்மா, பள்ளிக்கூடத்துப் பசங்க ஆடறது, காசு கெடயாதுன்னான். அப்ப வுட்ரு, ஆடட்டும்னேன்."

"அன்னிக்கே வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எந்த மூஞ்ச வச்சிக்கினு வர்றது? தப்பா பேசிட்டேன்னு சொல்ல வாய் வர்ல. அதான் நெட்டயாச்சும் வுட்டு வச்சேன்." புளிக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நான் ஒண்ணும் பண்லியே, அப்பறம் ஏன் நின்னுது?"

"நான்தான்க்கா அழிச்சேன். மொதல்ல உங்க பேரத்தான் அழிச்சேன்."

அழுகை வந்துவிட்டது எனக்கு. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கொழுப்பு ஜாஸ்திடி உனுக்கு. நட" என்று சொல்லி எனக்கு முன்னால் அவர் ஓடினார்.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததும், "அந்தாண்ட திரும்பிக்கோ" என்றார். ஒற்றை விரலால் தட்டினார். தப்பு. மறுபடி தட்டினார். நான் சுவரைப் பார்த்தபடி எல்லா சாமியையும் கும்பிட்டேன். "வந்துடுச்சு பாரு!"

என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எதிராளி முதல் நகர்த்தலை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். யோசிக்க நேரம் இல்லாமல் குதிரையை எடுத்துப் போட்டேன். அதன்பின் விரல்தான் ஆடியது. நடு ஆட்டத்தில் இவர் வண்டிச் சத்தம் கேட்டது. "ஐயோ, போனோட வர்றாரு, நெட்டு போயிடும்!" என்று கத்திவிட்டேன். "வெளியவே நில்லுங்க!" என்று அக்கா பாய்ந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகுதான் உறைத்தது, அது தேவையே இல்லை, லேப்டாப்பில்தான் இப்போது வேறு பெயர் எதுவும் இல்லையே. ஆனால் நான் சொல்லவில்லை. எதிராளியின் யானையை மாட்டவைத்து, ஒரு சிப்பாயைக் கடைசி வரை தள்ளி ராணியாக்கினேன். அவள் ஆட்டத்தைக் கைவிட்டாள். திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் வெற்றி என்று வந்ததும் நான் போட்ட கத்தலில், கதவுக்கு வெளியே இவர், "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு?" என்று தட்ட ஆரம்பித்துவிட்டார். அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். கையில் புளிவாசம்.

சென்னைக்குப் போவதற்கு முந்தின நாள், என் போனிலும் அந்த நெட் வேண்டும் என்று போய் நின்றேன். அக்கா போனை வாங்கி, முந்தானையால் மறைத்துக்கொண்டு தானே தட்டினார்.

"இன்னாக்கா இது, என்கிட்ட சொன்னா இன்னா?"

"அதச் சொல்லிட்டா, அப்பறம் நீ எதுக்கு எங்க வூட்டாண்ட வரப்போற?" என்றார்.