கம்பவுண்டர் பாயின் முப்பது

சாவி கொடுத்தால் இன்றும் ஓடுகிற கைக்கடிகாரம் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இந்தத் திருவண்ணாமலையில் நான் கண் மருத்துவனாகத் தொழில் நடத்திய காலம் முழுவதும், கை கழுவுமுன் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். என் பெயருக்கு இந்த ஊரில் உள்ள மதிப்பை நான் எளிதாகப் பெறவில்லை. எளிதாக விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. ஆயினும், அதைக் காத்துக் காத்து அலுத்துவிட்டது.

வெயிலில் உழைப்பவர்களுக்குக் கருவிழியின் மேல் சதை படரும். அறுத்து எடுத்தாலும் மீண்டும் வளரும். வளராதிருக்க, அறுத்த இடத்தில் கதிர்வீச்சுத் தட்டு ஒன்றைச் சில நொடிகள் வைப்பது அந்நாளைய முறை. பொத்தானளவே உள்ள அந்தத் தட்டிலிருந்து மின்னூட்டம் கொண்ட நுண்துகள்கள் புறப்பட்டு, பெரும்பாலும் கண்ணின் மேற்புறத்தோடு நின்றுவிடும். என்னிடமிருந்த தட்டுக்கு முப்பது நொடி கணக்கு. தட்டின் காம்பை நான் பிடித்திருப்பேன். தள்ளி நின்று நொடிகளை உரக்க எண்ணுவது கம்பவுண்டர் பாயின் வேலை. சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள் நின்று போயிருந்தது. பாய் இருக்கும்போது அதைச் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாய் தானியக் கடைக் குடும்பத்தில் பிறந்தவர். என்னிடம் வருமுன் பல ஆண்டுகள் மரக்காலால் நெல் அளந்தவர். அளப்பவர்கள் ‘ஒன்று’ என்று தொடங்குவதில்லை; ‘லாபம்’ என்பார்கள். அடுத்த மரக்கால் விழும்வரை அதே எண்ணை இழுத்துப் பாடிக்கொண்டிருப்பார்கள். பாயும் அப்படியே “லாபம்... லாபம், ரெண்டு... ரெண்டு” என்று எண்ணுவார். அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஓர் அம்மாள் படுத்தபடியே கேட்டார்:

“இன்னா பாய், என் கண்ணுல நெல்லா அளக்கிற?”

“லாபம்னு ஆரம்பிச்சா உனக்கு நஷ்டமா? கம்முனு படும்மா. நீ சிரிச்சா டாக்டர் கை ஆடிடும்.”

முகக்கவசத்துக்குள் நானும் சிரித்தேன். பின்னர் பாயே தம் இடக்கண்ணுக்கு என்னிடம் சிகிச்சை செய்துகொண்டார். படுத்த நிலையில் தமக்குத் தாமே எண்ணினார், ஓர் எண்ணைக்கூட விடாமல்.

எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இதனால புத்துநோய் வந்துடாதே டாக்டர்?” அந்த அச்சம் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். அவர்கள் கேளாதது வேறு. அளவு மிஞ்சினால், பல ஆண்டுகள் கழித்து, கண்ணின் வெள்ளைப்பகுதி காகிதம்போல் மெலியும். உள்ளிருக்கும் கருநீலம் வெளியே தெரியும். அங்கே கிருமி புகுந்தால் கண்ணே போகலாம். கண்புரையும் விழலாம். புற்று இல்லையென்றால் தீங்கே இல்லை என்று மக்கள் நினைத்தார்கள்; அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது.

ஒருநாள் அவசரத்தில் கடிகாரத்தைக் கழற்ற மறந்துவிட்டேன். தட்டைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் நொடிமுள் ஓடுவது கண்ணில் பட்டது. பாய் ‘முப்பது’ என்றபோது அது ஒரு முழுச் சுற்றைத் தாண்டியிருந்தது.

மறுநாளே சுவர்க்கடிகாரத்தைப் பழுதுபார்க்கச் செய்தேன்.

“இனிமே கடிகாரம் பாத்துதான் வைக்கணும் பாய். விதி அப்படி.”

“என் எண்ணிக்கை மேல நம்பிக்கை போயிடுச்சுங்களா?”

“விதி அப்படின்னேனே.”

புதிதாக எந்த விதியும் வந்திருக்கவில்லை. அதற்கு முன் வந்துபோனவர்களை நான் அழைத்துப் பார்க்கவும் இல்லை. அந்த டாக்டர் கை வைத்தால் சதை திரும்ப வளராது என்ற பேச்சு செங்கம் வரை பரவியிருந்த காலம் அது. ஏன் வளரவில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

மருத்துவமனையை மூடி, தட்டை முறைப்படி ஒப்படைத்துவிட்டு, ஊரையொட்டிய வேங்கிக்காலில் ஓய்ந்திருக்கிறேன். சென்ற மாதம், பௌர்ணமிக் கூட்டம் வடிந்த மறுநாள், பாய் வந்தார். இடக்கண்ணின் வெள்ளையில், மூக்கோரமாக, மைத்துளிபோல் ஒரு நீலம். வெளியூரில் அவரைப் பார்த்த மருத்துவர், எத்தனை நொடி வைத்தார்கள் என்று கேட்டாராம்.

“முப்பதுனு சொன்னேன் டாக்டர். நாந்தானே எண்ணுனேன். ஜாஸ்தியா வெச்சிருந்தா இப்படி ஆவும்னு சொல்றாரு. அந்த அடி அண்ணாமலை அம்மாவுக்கும் நாந்தான் எண்ணுனேன். என் கணக்குல தப்பு இருந்துச்சுங்களா?”

இல்லை என்ற ஒரு சொல் போதும். அவர் எழுந்து போயிருப்பார். என் பெயரும் அப்படியே இருந்திருக்கும். அந்தச் சொல்லைப் பலமுறை பல வடிவங்களில் சொல்லியிருக்கிறேன். அன்று வரவில்லை. இழுப்பறையைத் திறந்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, அவர் முன் வைத்தேன்.

“எண்ணுங்க பாய். பழையபடி.”

நல்ல கண்ணால் முள்ளைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். பதினைந்தைத் தொடுமுன்பே குரல் தணிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. முப்பதுக்கு வந்தபோது முள் ஒரு சுற்று முடித்து அப்பால் போய்க்கொண்டிருந்தது.

“உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“சுவர்க்கடிகாரத்தை ரிப்பேர் பண்ண நாளுக்கு முந்தின நாள்.”

கடிகாரத்தை விரலால் மெல்லத் தொட்டு, “இது உங்க பாக்கெட்லயேதானே இருந்துச்சு டாக்டர்” என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை.

பழைய பதிவேடுகள் கரையானுக்குப் போய்விட்டன. பாய்க்கோ ஒவ்வொருவரும் ஊர்ப்பெயரோடு நினைவிருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களாவது போய்க் கண்ணைக் காட்டிக்கொள்ளட்டும். யார் செய்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லட்டும். தாளையும் பேனாவையும் எடுத்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“லா...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

“ஒன்னு. அடி அண்ணாமலை அம்மா. எழுதிக்கங்க.”