பம்பாயில் கை மாறும் டிக்கெட்

விமானத்தில் ஏறுவதற்கு முன்பே நான் விமானங்களை மனப்பாடம் செய்துவிட்டேன். வேலூர் லாங் பஜாரில், வெங்காய மண்டிக்கு மேல் மாடியில் ஒரு டிக்கெட் ஆபீஸ் இருந்தது. கல்லூரி முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். கீழே கைவண்டிக்காரர்கள் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு போவார்கள். மேலே நான், எந்தக் கிழமை எங்கே எது பறக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பிப்பேன். அவர்கள் கேட்காததையும் சொல்வேன். "இந்தப் பொண்ணு வாயத் தொறந்தா மீனம்பாக்கம்தான்" என்பார் முதலாளி.

ஒரு ஐப்பசியில் அந்தச் சேதி வந்தது. வளைகுடாவின் விமான நிறுவனம் ஒன்றும் நம் உள்நாட்டு விமானமும் கூட்டுச் சேர்ந்திருந்தன. மெட்ராஸிலிருந்து பம்பாய் வரை இவர்கள், பம்பாயிலிருந்து துபாய் வரை அவர்கள். டிக்கெட் மட்டும் ஒன்று. பம்பாயில் இறங்கினால் ஒரு பஸ் வந்து வெளிநாட்டு விமானங்கள் கிளம்பும் நிலையத்துக்கு அழைத்துப் போகும். ஆனால் குளிர்காலத்துக்கு மட்டும்தான். பங்குனி வெயில் தலைகாட்டினால் ஏற்பாடு நின்றுவிடும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். அதுவரை துபாய்க்குப் போகிறவர்கள் பம்பாய் ரயில் ஏறி, அங்கே ஏதாவது ஒரு லாட்ஜில் நாள்கணக்கில் படுத்துக் கிடந்து, சீட் கிடைத்தபோது கிளம்புவார்கள். ஆண்கள் எப்படியோ சமாளித்தார்கள். பெண்கள் போகவே இல்லை.

சேதியைப் படித்ததும் எனக்கு என் தோஸ்த்தின் ஞாபகம்தான் வந்தது. கல்லூரியில் மூன்று வருடமும் ஒரே பெஞ்சு. அவளை ஆம்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை அங்கே ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை பார்த்தவர். கல்யாணத்தின்போது துபாயில் வேலை கிடைத்து, அவள் கை மருதாணி மங்குவதற்குள் போய்விட்டார். வருடம் இரண்டு ஓடிவிட்டது. அங்கே அறை பார்த்து, விசாவும் எடுத்து அனுப்பிவிட்டார். அவரே வந்து அழைத்துப் போக லீவு இல்லை. இங்கே மாமியார் ஒரே சொல்லில் நின்றார்: துணை இல்லாமல் அனுப்ப மாட்டேன்.

மாமியார் பொல்லாதவர் இல்லை. ஆட்டுக்கால் பாயா வைத்தால் எலும்பைத் தட்டித் தட்டி மஜ்ஜையை மருமகள் தட்டில் விழவைப்பார். அதனால்தான் சிக்கலே. பொல்லாதவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆம்பூருக்கு பஸ் ஏறிவிட்டேன். என் தோஸ்த் மாமியாரை மாமி என்பாள், நானும் அப்படியே.

"மாமி, ஒரே டிக்கெட்டு. மெட்ராஸ்ல ஏத்தி வுட்டா துபாய்தான்."

"நடுவுல வண்டி மாறணும்னு இப்பத்தானே சொன்ன?"

"அது அவங்களே கூட்டிக்கினு போவாங்க. ரெண்டு கம்பெனியும் பார்ட்னரு."

"பார்ட்னரா?" பூண்டு உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "எங்க வூட்டுக்காரரும் பார்ட்னர் வெச்சித்தான் தோல் யாவாரம் பண்ணாரு. எனக்கே பார்ட்னர் கதையா?"

திரைக்குப் பின்னாலிருந்து என் தோஸ்த் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"சிரிக்காதடி. நான் இன்னா கேக்கறேன்? கம்பெனிக்காரன் டிக்கெட்டை இன்னொரு கம்பெனிக்காரன் கையில குடுப்பான். சரி. என் பொண்ணை யாரு, யார் கையில குடுப்பாங்க? அத்த சொல்லு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்த என் தோஸ்த், வழியில் என் முழங்கையைக் கிள்ளினாள். "நீ ஏண்டி இவ்ளோ பேஜார் படற? என்னைத் தொரத்தறதுல உனக்கு அவ்ளோ ஆசையா?"

"நீ போய்ட்டு சொல்லணும்டி. மேல ஏறும்போது வயித்துக்குள்ள இன்னா ஆவுதுன்னு."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்" என்றேன். அவள் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்பதை யோசிக்கக்கூடாது என்றுதான் அவ்வளவு வேகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அது தெரியும்.

பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது பொறி தட்டியது. மாமி கேட்டதிலேயே பதில் இருக்கிறது! விமானமே மெட்ராஸிலிருந்து ஒரேயடியாகத் துபாய் வரை போகவில்லை, இரண்டு பேர் பாதி பாதியாகக் கொண்டுபோகிறார்கள். துணையும் அப்படியே வந்தால் என்ன? பம்பாய் வரை ஒருத்தி, அங்கிருந்து இன்னொருத்தி.

அன்றிலிருந்து ஆபீசுக்கு வருகிற பெண்களையெல்லாம் பிடித்து விசாரித்தேன். "நீ டிக்கெட் விக்கிறியா, பொண்ணு பாக்கிறியா?" என்றார் முதலாளி. முதலில் கிடைத்தவர் ஒரு நர்ஸ். கணியம்பாடிக்காரர், பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவர், பொங்கல் கழித்துத் திரும்பவேண்டும். இரண்டாவது ஆள் குடியாத்தத்தில் இருந்தார். தறி வைத்திருக்கிற குடும்பம். துபாயில் லுங்கிக்கு நல்ல கிராக்கி என்று புருஷனும் மனைவியும் கட்டுகளோடு ரயிலில் பம்பாய் போய், சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அங்கிருந்து பறக்கப் போகிறார்கள். அவர்களுக்கு நர்ஸ் திரும்பும் அதே நாளில், வளைகுடா விமானத்தில் நான்தான் சீட் போட்டேன்.

நர்ஸை மாமிக்கு ஒரே பார்வையில் பிடித்துப்போனது. குடியாத்தத்து அம்மாவை நேரில் பார்க்கவேண்டும் என்றார். மாமி, என் தோஸ்த், நான் மூன்று பேரும் போனோம். தறிச் சத்தத்தில் எல்லாரும் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. அந்த அம்மாள் தலைமயிரெல்லாம் பஞ்சுத் தூசு.

"பம்பாய்ல என் பொண்ணு கையை அந்த நர்ஸம்மா உங்க கையில குடுக்கும். நீங்க துபாய்ல என் மவன் கையில குடுக்கணும்" என்று மாமி கத்தினார்.

"குடுத்துட்டா போச்சு! நான் இன்னா தூக்கிக்கினு ஓடவா போறேன்? ஆனா ஒண்ணு. புர்கா போட்டா எனக்கு எல்லாரும் ஒரே மாதிரி. ஏர்போர்ட்ல அம்பது பேர் நிப்பாங்க. உங்க பொண்ணு எதுன்னு நான் எப்டி கண்டுபிடிக்கிறது?"

"செருப்பப் பாருங்க."

"செருப்பா?"

"ஆம்பூர்க்காரங்க நாங்க. எங்களுக்கு மூஞ்சி அப்புறம்தான்."

தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஆனால் மாமி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துபாய் போவதற்கு முன்னால் மகன் தன் கையால் தோல் வெட்டி மனைவிக்கு ஒரு ஜோடி செருப்புச் செய்து கொடுத்திருந்தார். ஈரல் நிறத் தோல், பச்சை நூல் தையல். அந்த மாதிரிச் சேர்க்கை எந்தக் கடையிலும் இருக்காது. என் தோஸ்த் அதை ஒருநாளும் போட்டதில்லை. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள். தேய்ந்துவிடுமாம்.

"அதைப் போட்டுக்கினு போவட்டும்" என்றார் மாமி. சம்மதம் என்பதை அவர் சொன்ன விதம் அதுதான்.

மீனம்பாக்கத்தில் அன்று காலை மாமி மருமகளின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நர்ஸ் கையை நீட்டியபடி பொறுமையாகக் காத்திருந்தார். அறிவிப்பு வந்தது, மறுபடியும் வந்தது. கடைசியில் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கிற மாதிரி எடுத்து நர்ஸின் கையில் வைத்தார்.

"கவலப்படாதீங்கம்மா. அடுத்த கையில குடுக்காம நான் ஆஸ்டலுக்குப் போமாட்டேன்" என்றார் நர்ஸ்.

என் தோஸ்த் என் முழங்கையை ஒரு தடவை கிள்ளிவிட்டுத் திரும்பினாள். புதுச் செருப்பு கடித்ததோ என்னவோ, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்து போனாள்.

மேலே பார்வையாளர் மாடத்துக்கு மாமியைக் கூட்டிப் போனேன். அது என்ன ரக விமானம், எத்தனை எஞ்சின் என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்திருந்த பிடியில் பேச்சு தானாக நின்றுவிட்டது. விமானம் ஓடி, மூக்கைத் தூக்கி, எழும்பியது. நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் நான் ஜன்னல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் என் கையை விடவில்லை. காஞ்சிபுரம், ஆற்காடு எல்லாம் தாண்டியும் விடவில்லை. மறுநாள் காலை மகன் எங்கள் ஆபீசுக்குத்தான் போன் செய்வதாக ஏற்பாடு. ஆகவே அன்று எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். வாசலில் என் அம்மா வந்து நின்றதும், மாமி என் கையைத் தூக்கி அம்மாவின் கையில் வைத்தார்.

"உங்க பொண்ணைக் கூட்டிக்கினு போனேன். வாங்கிக்கங்க."

அம்மா திகைத்துப்போய் வாங்கிக்கொண்டாள். நான் தினமும் லாங் பஜாருக்குத் தனியாகப் போய் வருகிறவள், வாய் ஓயாதவள். எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. அம்மாவும் கையை உடனே விடவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அந்தக் கூட்டு இன்னும் இரண்டு ஊர்களுக்கு நீண்டது. திமிரியிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பெண்கள் வந்து, "தொணை சேத்து வுடுவீங்களாமே" என்று கேட்டார்கள். சேர்த்துவிட்டோம். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு போன்.

காலையில் ஆபீசில் மாமி போனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். டீ ஆறிப்போனது. யாராவது டிக்கெட் விசாரிக்கக் கூப்பிட்டால் முதலாளி "அப்புறம், அப்புறம்" என்று வைத்துவிட்டார். அப்புறம் வெளிநாட்டு அழைப்புக்கே உரிய அந்த நீளமான மணி அடித்தது.

"ஹலோ" எல்லாம் மாமி சொல்லவில்லை. "கையில குடுத்தாங்களா?" என்றார்.

பதிலைக் கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் தெரியாது என்று முதலாளி சைகை காட்டியும் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

கடல் இரைகிற மாதிரிச் சத்தம். அதற்குள்ளிருந்து அவள் குரல். "ஏய், அந்தக் குடியாத்தத்து அம்மா பம்பாய்ல தரையப் பாத்துக்கினே வந்து என் மேலயே மோதிக்கினாங்க. துபாய் வரைக்கும் கைய வுடல. பாத்ரூம் போறதுக்குக்கூட வுடலடி."

"உங்க வூட்டுக்காரரு?"

"எனக்கே பயமா இருந்திச்சிடி. ரெண்டு வருசம். மூஞ்சி ஞாபகம் இருக்குமான்னு. வெளிய வந்தா ஒரே கூட்டம். எல்லாரும் எட்டி எட்டி மூஞ்சியப் பாக்கறாங்க. ஒருத்தரு மட்டும் குனிஞ்சிக்கினு வர்றவங்க காலையெல்லாம் பாத்துக்கினு நின்னாரு."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அந்தம்மா என்னை இவருதானா, இவருதானான்னு கேட்டாங்க. அவரு நிமிரவே இல்ல. செருப்பு வந்து அவரு முன்னால நின்னப்புறம்தான் நிமிந்தாரு. அப்பத்தான் கையக் குடுத்தாங்க."

"வயித்துல இன்னா ஆச்சு? மேல ஏறும்போது?"

"நீ வந்து பாருடி" என்றாள். லைன் போய்விட்டது.

மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் குனிந்து நின்றதைச் சொன்னேன். அவர் ஆறிப்போன டீயை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"அந்தச் செருப்ப அவ போட்டுக்கினு வர்றான்னு" என்றார் மெல்ல, "நான் அவனுக்குச் சொல்லவே இல்லியே."