யாரும் பார்க்கவில்லை

எதிர்வீட்டுப் பெண் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவள். இங்கே தேர்வில் தேறிப் பதிவு எண் வரும்வரை வைத்தியம் பார்க்கக் கூடாது. யாராவது “டாக்டரம்மா” என்றால் பதில் சொல்லுமுன் தெருவின் இருபுறமும் பார்ப்பாள்.

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த காலையில் அவளிடம்தான் ஓடினேன். அவளுடைய ஒல்லி முகம் வெளுத்துவிட்டது.

“நான் தொடக் கூடாதுண்ணா. உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க.”

சொன்னவளே ஆட்டோவில் ஏறினாள். மணவாள நகரிலிருந்து திருவள்ளூர் ஆஸ்பத்திரி வரை துப்பட்டாவுக்கு அடியில் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். உதடு மட்டும் எண்ணிக்கொண்டே வந்தது.

“இதுக்கு முன்னாடி யார்னா பாத்தாங்களா?” என்றார் டூட்டி டாக்டர்.

அவள் வாசலுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரும் பாக்கல சார்” என்றேன்.

ஆட்டோவில் அவள் பிடித்திருந்த மணிக்கட்டை அப்பா தன் மறுகையால் பிடித்துக்கொண்டார்.